சாமிக்குக் கண்ணில்லையா?

திருவாமூரில் ஒரே குடும்பத்தை அடுத்தடுத்து மூன்று சாவு தாக்கியது. முதலில் வீட்டுத் தலைவர் புகழனார். அவர் போன துக்கத்தில் மனைவி மாதினியார். போருக்குப் போயிருந்த படைத்தலைவர் கலிப்பகையாரும் களத்திலேயே மாண்டார் என்று பின்னாலேயே செய்தி வந்தது. அவர்தான் இந்த வீட்டு மூத்த மகள் திலகவதிக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை. இனி எனக்கென்ன இருக்கிறது என்று உயிரை விடத் துணிந்தார் திலகவதி. நீங்களும் போனால் உங்களுக்கு முன்னால் நான் போவேன் என்று அவர் காலில் விழுந்து அழுதான் தம்பி மருணீக்கி. தம்பிக்காக அக்கா உயிர் தரித்தார்.

தம்பி வளர்ந்து ஆளானான். இருந்த பொருளையெல்லாம் அறத்துக்குக் கொடுத்தான். தண்ணீர்ப் பந்தல் வைத்தான், சோலை வளர்த்தான், குளம் தொட்டான். எதிலும் மனம் ஆறவில்லை. நிலைப்பது எது என்ற கேள்வி விடாமல் துரத்த, பிறந்த சைவத்தை விட்டுப் பாடலிபுரத்துச் சமணப் பள்ளியில் சேர்ந்து, தருமசேனர் என்ற பெயரில் அங்கே தலைமை நிலைக்கு உயர்ந்தான். பின்னாளில் திருநாவுக்கரசர் என்றும் அப்பர் என்றும் தமிழுலகம் கொண்டாடிய மனிதரின் முன்கதை இது.

திருவாமூர் பண்ருட்டிப் பக்கம். பாடலிபுரம் இன்றைய கடலூரின் திருப்பாதிரிப்புலியூர். 1993-ல் தென்னார்க்காடு மாவட்டம் பிரிக்கப்படும்வரை இவையும் விழுப்புரமும் திண்டிவனமும் ஒரே மாவட்டம்தான். கதையைப் பெரியபுராணத்தில் விரிவாகச் சொன்ன சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டுக்காரர்; அப்பர் 7-ஆம் நூற்றாண்டு. இடையில் 500 ஆண்டுகள். பெரியபுராணத்தின் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது என்றாலும், சமணத்தில் கழிந்த காலத்தை நினைத்து அப்பரே தம் பதிகங்களில் வருந்துகிறார். ஆகவே அவர் ஒரு நம்பிக்கையை விட்டுப் போனதும் திரும்பி வந்ததும் உண்மை.

இந்தக் கதையைச் சைவம் வென்றதா சமணம் தோற்றதா என்ற வழக்காகவே பேசிப் பழகிவிட்டோம். அந்த வழக்கைக் கொஞ்சம் ஓரமாக வைப்போம். ஒரு குடும்பத்தை மூன்று சாவு தாக்கிய பிறகு, பக்தியுள்ள ஒருவரின் மனதுக்குள் என்ன நடக்கிறது? சிலர் சாமியை இன்னும் இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள். சிலருக்கு விளக்கேற்றவே கை வருவதில்லை. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

அமெரிக்க உளவியலாளர் கிரிஸ்டல் பார்க் இதற்கு ஒரு விளக்கம் தருகிறார். நம் ஒவ்வொருவர் மனதிலும் உலகம் எப்படி நடக்கிறது என்பது பற்றிய ஒரு பெரிய நம்பிக்கை இருக்கிறது. நல்லது செய்தால் நல்லது நடக்கும், கும்பிட்ட சாமி கைவிடாது, பெற்றவர்கள் இருக்கப் பிள்ளை போகாது. இது ஒரு பக்கம். நமக்கு நிஜமாகவே நேர்ந்த சம்பவமும் அதற்கு நாம் கொடுக்கும் பொருளும் மறுபக்கம். இரண்டும் பொருந்தினால் மனம் சும்மா இருக்கும். பொருந்தாதபோது இரண்டுக்கும் இடையிலான இடைவெளியே வேதனையாகிறது. அதை மூட வழிகள் இரண்டு. நடந்ததன் பொருளை மாற்றலாம்: இது சோதனை, இது முன்வினை, இதற்குப் பின்னால் ஏதோ நல்லது இருக்கிறது. அல்லது பெரிய நம்பிக்கையையே திருத்தலாம்: உலகம் நான் நினைத்ததுபோல் இல்லை. முதல் வழியில் போனவர் பழைய கோயிலிலேயே நிற்கிறார். இரண்டாம் வழியில் போனவர் மருணீக்கியைப் போல வேறு வாசலைத் தட்டுகிறார். இரண்டு பேர் மனதிலும் நடப்பது ஒரே வேலைதான்.

அடியின் கனத்தை வைத்து ஒருவர் எந்தப் பக்கம் போவார் என்று கணிக்க முடியாது. இதற்கு நல்ல சான்று திண்டிவனத்தில் இருக்கிறது.

1890-களின் தொடக்கம். அமெரிக்க ஆற்காடு மிஷனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் ஸ்கடர் அப்போது திண்டிவனத்தில் பணியில் இருந்தார். அவர் மகள் ஐடா 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர், அமெரிக்காவில் படித்தவர். தாய்க்கு உடம்பு சரியில்லை என்று வந்திருந்தார். தாத்தா 1819-ல் இலங்கைக்கு வந்த மிஷனரி மருத்துவர். அவர் பிள்ளைகளும் அதே வழியில் வந்தவர்கள். ஐடாவுக்கு அந்த வாழ்க்கை வேண்டாம். சிறுவயதில் பார்த்த பஞ்சமும் பசித்த குழந்தைகளும் மனதில் நின்றிருந்தன. இந்த அழைப்பு எனக்கானதில்லை என்று முடிவு கட்டியிருந்தார். கடவுள் உண்டா இல்லையா என்ற சந்தேகம் அவருக்கு இல்லை. கடவுள் தன்னிடம் கேட்பதாக எல்லோரும் சொல்வது உண்மையா என்பதே அவருடைய சிக்கல். நம்பிக்கையாளர்களின் ஐயத்தில் பெரும்பகுதி இந்த வகைதான்.

ஒரு ராத்திரி கதவு தட்டப்பட்டது. ஒரு பிராமண இளைஞர், பிரசவ வலியில் துடிக்கும் இளம் மனைவிக்கு உதவ வரச்சொல்லி நின்றார். எனக்கு மருத்துவம் தெரியாது, அப்பாவை அனுப்புகிறேன் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் கூடாது என்று அவர் திரும்பிப் போனார். அதே இரவில் ஒரு முஸ்லிம் கணவர், பிறகு இன்னொரு இந்துக் கணவர். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. விடிந்ததும் தெருவில் சாவு மேளம். விசாரித்தால், மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

அந்த மூன்று சாவுகள் ஐடாவை எந்த வேலையை விட்டு ஓட நினைத்தாரோ அதற்குள்ளேயே கொண்டுவந்து சேர்த்தன. அமெரிக்கா திரும்பி மருத்துவம் படித்து 1899-ல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு வந்து வேலூரில் தொடங்கிய சிறு வைத்தியம்தான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. திருவாமூரின் மூன்று சாவுகள் ஒருவரைத் தம் மரபிலிருந்து வெளியே அனுப்பின. திண்டிவனத்தின் மூன்று சாவுகள் ஒருவரைத் தம் மரபுக்குள் இழுத்தன.

தனி மனிதர் கதைகளை விட்டு ஊர் முழுவதையும் பார்த்தாலும் இதே இருமுகம் தெரிகிறது. 2011-ல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரை நிலநடுக்கம் உலுக்கியது. அந்நாட்டு மக்களிடம் ஆண்டுதோறும் கருத்துக் கேட்டுவந்த ஓர் ஆய்வில், நடுக்கத்துக்கு முன்னும் பின்னும் அதே ஆட்கள் தந்த பதில்கள் கையில் இருந்தன. சிப்லி, புல்புலியா என்ற இரு ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நாட்டின் மற்ற பகுதிகளில் மத நம்பிக்கை குறைந்துகொண்டே வந்தது. இடிந்த நகரத்தில் மட்டும் கூடியிருந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. அதே நகரத்தில் நம்பிக்கையை இழந்தவர்களும் இருந்தார்கள். தம் உடல்நலம் கெட்டுவிட்டது என்று அவர்கள் சொன்னது கணிசமாகக் கூடியிருந்தது. நம்பிக்கை கூடியவர்களுக்கு அதனால் உடல்நலம் ஏறவும் இல்லை. இழப்புதான் உடம்பில் தெரிந்தது.

உடம்பு என்றதும் அப்பரின் சூலை நோய் நினைவுக்கு வரும். சமணப் பள்ளியில் தலைமை வகித்தவருக்குக் குடலை முறுக்கும் வலி. அங்கிருந்த மந்திரமும் மருந்தும் கேட்கவில்லை. ஒரு புராண வரியை வைத்துக்கொண்டு நோயின் பெயரைச் சொல்வது மருத்துவமாகாது. ஆனால் மனதின் போராட்டம் வயிற்றில் இறங்கும் என்பதில் வியப்பில்லை. நம் குடற்சுவருக்குள் பத்துக் கோடிக்குக் குறையாத நரம்பணுக்கள் தனியொரு வலையாகப் பின்னியிருக்கின்றன. மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு அந்த வலையோடு இரு திசையிலும் பேசுகிறது. தீராத கலக்கம் குடலின் அசைவையும் வலியை உணரும் கூர்மையையும் மாற்றிவிடும்.

1095-ல் பாக்தாத்தில் இதற்கு இணையான ஒன்று நடந்தது. இஸ்லாமிய உலகின் மிகப்பெரிய பேராசிரியராக இருந்த அல் கஸ்ஸாலிக்கு, தான் கற்பிப்பதில் தனக்கே உண்மை இருக்கிறதா என்ற ஐயம் வந்தது. ஒருநாள் பாடம் நடத்த வாயைத் திறந்தால் நாக்கு எழவில்லை. சோறும் இறங்கவில்லை. மருந்தால் ஆகாது, நோய் மனதில் இருக்கிறது என்று வைத்தியர்கள் கைவிரித்தார்கள். பதவியைத் துறந்து பல ஆண்டு அலைந்து திரிந்த பிறகே அவர் மீண்டார். அதைத் தம் வரலாறாக அவரே எழுதியும் வைத்தார்.

சரி, ஐயம் மூளையில் எங்கே எழுகிறது? 2008-ல் சாம் ஹாரிஸும் சக ஆய்வாளர்களும் 14 பேரை எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்து, வரிவரியாக வாக்கியங்களைக் காட்டினார்கள். கணக்கு, ஊர் உலகம், மதம், ஒழுக்கம் எனப் பலவகை வாக்கியங்கள். உண்மை, பொய், சொல்ல முடியாது. மூன்றில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். உண்மை என்று ஏற்பதுதான் வேகமாக நடந்தது. பொய் என்று தள்ள அதைவிட நேரம் பிடித்தது. சொல்ல முடியாது என்றபோது மூளையின் நடுப்பிளவை ஒட்டி உட்புறமாக அமைந்த முன் சிங்குலேட் என்ற பகுதி கூடுதலாக வேலை செய்தது. எதிர்பார்த்ததும் நடந்ததும் முரண்படும்போது கிளர்வது இந்தப் பகுதிதான். கையில் தவறு நேர்ந்தாலும், இரண்டு எண்ணங்கள் மோதினாலும் இது விழித்துக்கொள்ளும்.

அடுத்த ஆண்டு செய்த சோதனை இன்னும் ஆழமானது. உறுதியான கிறிஸ்தவர்கள் 15 பேர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் 15 பேர். மத வாக்கியங்களும் சாதாரணத் தகவல் வாக்கியங்களும் கலந்து காட்டப்பட்டன. ஒன்றை உண்மையென ஏற்கும்போது நெற்றிக்குப் பின்னால் கீழ்ப்புறம் இயங்கும் பகுதி எல்லோருக்கும் ஒன்றேதான். ஏற்பது கடவுளையானாலும் வரலாற்றுத் தகவலையானாலும் மூளைக்கு அதில் பேதமில்லை. ஆனால் மத வாக்கியங்களைப் பற்றி யோசிக்கும்போது, நம்புகிறவர் நம்பாதவர் இருவர் மூளையிலும் உணர்ச்சிக்கும் தன்னுணர்வுக்கும் முரண்பாட்டுக்கும் உரிய பகுதிகள் சேர்ந்து கிளர்ந்தன. சாதாரணத் தகவலுக்கு நினைவைத் தேடி எடுத்தாலே போதும்.

சோதனைக்கு வந்தவர்கள் சிலரே. ஒரு சோதனையை வைத்து மனித குலத்தை அளக்க முடியாது. ஆனாலும் எனக்கு இது பெரிய ஆறுதலான செய்தியாகப் படுகிறது. கடவுளைப் பற்றி நினைப்பது என்றாலே மூளைக்குள் கொஞ்சம் இழுபறி இருக்கும். உறுதியான பக்தருக்கும் இருக்கும். சந்தேகம் வந்துவிட்டதே, நான் உண்மையான விசுவாசி இல்லையோ என்று தனியாக அழும் ஒருவரிடம் இதைச் சொல்லவேண்டும் என்று தோன்றுகிறது.

ஐயத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் மரபுகள் ஒத்துப்போவதில்லை. செஞ்சிக்கு அருகே சிறுகடம்பூரில் திருநாதர் குன்று இருக்கிறது. பாறை முகத்தில் இரண்டு வரிசையாக 24 தீர்த்தங்கரர்கள். அதே குன்றில் ஏறத்தாழ 6-ஆம் நூற்றாண்டு எழுத்தில் ஒரு சிறு கல்வெட்டு: சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்த இடம் அது. அத்தனை நாள் நோன்பை உறுதி குலையாமல் முடித்தவரை அந்தக் கல் நினைவில் வைத்திருக்கிறது. சமணத்தில் நற்காட்சிக்குச் சொல்லப்படும் எட்டு உறுப்புகளில் முதலாவது ஐயமின்மை.

அதை விளக்க அவர்கள் சொல்லும் கதை, ஐயத்தின் உளவியலைக் கண்முன் நிறுத்துகிறது. சுடுகாட்டு ஆலமரத்தில் 108 கயிறு கொண்ட உறி. கீழே நட்டுவைத்த ஆயுதங்களின் கூர்முனைகள். உறியில் உட்கார்ந்து மந்திரம் சொல்லி ஒவ்வொரு கயிறாக அறுத்தால் வானில் செல்லும் ஆற்றல் கிடைக்கும் என்று ஒருவனுக்கு உபதேசம். ஏறி உட்காருகிறான். சொன்னவர் பொய் சொல்லியிருந்தால்? இறங்குகிறான். பொய் சொல்கிறவர் இல்லையே? மறுபடி ஏறுகிறான். அங்கே வந்த அஞ்சனன் என்ற திருடன் விவரம் கேட்டு, தான் ஏறி, ஒரே வீச்சில் அத்தனை கயிற்றையும் அறுத்தான். வித்தை அவனுக்குக் கைகூடியது. கதையின் நாயகன் அஞ்சனன்தான். ஆனால் என் மனம் அந்த முதல் ஆளோடுதான் நிற்கிறது. ராத்திரி முழுக்க ஏறி இறங்கும் அந்தக் கால்களைப் பலருக்குத் தெரியும்.

அப்படி நடுவில் மாட்டிக்கொண்டு நாள்கணக்கில் இருப்பவருக்கு என்ன ஆகிறது என்பதை அமெரிக்காவில் அளந்து பார்த்திருக்கிறார்கள். கென்னத் பார்கமென்ட் குழுவினர், வடகரோலினாவில் மருத்துவமனையில் சேர்ந்திருந்த 55 வயதைத் தாண்டிய 596 நோயாளிகளை இரண்டு ஆண்டு தொடர்ந்து கவனித்து 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். நோயின் கடுமை, மனச்சோர்வு போன்றவற்றைக் கணக்கில் கழித்த பிறகும், கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டாரோ என்று எண்ணியவர்களுக்கு அந்த இரண்டு ஆண்டில் இறக்கும் வாய்ப்பு 28 சதவீதம் அதிகமாக இருந்தது. கடவுளுக்கு என் மேல் அன்பிருக்கிறதா என்று சந்தேகித்தவர்களுக்கு 22 சதவீதம். இது தொடர்பைக் காட்டும் எண். சந்தேகமே கொன்றது என்று இதற்குப் பொருளில்லை. 2004-ல் அதே குழு மேலும் துருவியபோது, போராட்டம் வந்துபோனவர்களைவிட அதிலேயே தங்கிவிட்டவர்களுக்குத்தான் உடல்நலம் கெடும் ஆபத்து அதிகம் என்று தெரிந்தது.

ஏன் தங்கிவிடுகிறார்கள்? ஒரு பெரிய காரணம், வாய்விட்டுச் சொல்ல முடியாததுதான் என்று நினைக்கிறேன். சபையில் சொன்னால் பின்வாங்கிப் போனான் என்பார்கள். வீட்டில் சொன்னால் வாயைக் கழுவு என்பார்கள். கூட்டத்தில் சொன்னால் ஈமான் குறைந்துவிட்டது என்பார்கள். ஜூலி எக்ஸ்லைன் என்ற உளவியலாளர் கடவுள் மீது மனிதர்களுக்கு வரும் கோபத்தை ஆராய்ந்து 2011-ல் எழுதினார். சாதாரண மக்கள், மாணவர்கள், துக்கத்தில் இருப்பவர்கள், புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் என்று பலரிடம் கேட்டதில், கெட்டது நேரும்போது கடவுள் மேல் கோபம் வருவது அரிதான செய்தியே இல்லை என்று தெரிந்தது. அந்தக் கோபம் பிறக்கும் காரணங்களும், சக மனிதர் மேல் நமக்குக் கோபம் பிறக்கும் காரணங்களும் ஒன்றே: வேண்டுமென்றே செய்தார், அளவுக்கு மீறிச் செய்தார், ஏனென்று சொல்லவில்லை.

கேட்க ஓர் ஆள் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குக் கொல்கத்தாவின் அன்னை தெரசா சாட்சி. தெருவில் கிடந்தவர்களைத் தூக்கத் தொடங்கிய காலத்திலிருந்தே, கடவுள் இல்லாத வெறுமையை உள்ளே சுமந்தார் என்பதை அவர் மறைவுக்குப் பத்தாண்டு கழித்து, 2007-ல் வெளிவந்த கடிதங்கள் காட்டின. ஏறத்தாழ அரை நூற்றாண்டு. வெளியே யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் முழுத் தனிமையில் இல்லை; சில குருக்களிடம் எழுதிக் கொட்டினார். 1961 வாக்கில் ஜோசப் நாய்னர் என்ற இயேசு சபைக் குரு, இந்த இருட்டு உங்கள் குற்றமில்லை, பணியின் ஒரு பகுதியாகவே இதை ஏற்கலாம் என்று விளக்கினார். இருட்டு விலகவில்லை. அதோடு வாழ அவருக்கு முடிந்தது.

அப்பரின் கதையிலும் பெரியவர் என்று நான் நினைப்பது திலகவதியாரைத்தான். தம்பி வேறு சமயத்துக்குப் போனபோது அவர் திருவதிகைக் கோயிலில் வாசல் தெளித்து மெழுகி, பூ பறித்து மாலை கட்டிக்கொண்டிருந்தார். வலி பொறுக்காமல் தம்பி ஆள் அனுப்பியபோது, நான் அங்கே வரமாட்டேன் என்று உறுதியாகச் சொன்னார். ஆனால் கதவைச் சாத்தவில்லை. பாய் உடையையும் உறியில் தூக்கிய குண்டிகையையும் மயிற்பீலியையும் விட்டுவிட்டு, வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு, ராத்திரியோடு ராத்திரியாக நடந்து வந்தார் தம்பி. இத்தனை வருடம் எங்கே போனாய் என்று அக்கா கேட்டதாகச் சேக்கிழார் சொல்லவில்லை. திருநீறு கொடுத்து, விடியற்காலையில் தாம் கோயில் பெருக்கப் போகும்போது கூடவே அழைத்துப்போனார். அங்கே தம்பி பாடியதுதான் நான்காம் திருமுறையின் முதல் பதிகம். அதில் பணிவு மட்டும் இல்லை. இந்த வலிக்கு நான் செய்த குற்றம் என்ன, ஏன் இன்னும் விலக்காமல் இருக்கிறாய் என்ற முறையீடும் சேர்ந்தே ஒலிக்கிறது.

முறையீடு சண்டையாக மாறினாலும் தள்ளிவிடாத ஒரு மரபு இந்த மண்ணுக்கு உண்டு. அது தொடங்கும் இடம் விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூர். புத்தூரில் சுந்தரரின் கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் நுழைந்து, நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை இருக்கிறது என்கிறார். சுந்தரர் நம்பவில்லை. பைத்தியமா என்று ஏசுகிறார். ஓலையைப் பறித்துக் கிழித்தும் போடுகிறார். வழக்கு வெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. மூல ஓலை வெளியே வருகிறது. பாட்டனின் வேறு கையெழுத்தைக் கொண்டுவரச் செய்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்பு. இந்தக் கதையில் கடவுளே ஆவணத்தோடு வந்து சபையில் வாதாட வேண்டியிருக்கிறது. பிறகு, நீ ஏசினாயே, அந்தச் சொல்லை வைத்தே பாடு என்கிறார். ஏழாம் திருமுறை அந்த ஏச்சோடுதான் தொடங்குகிறது.

அதே சுந்தரருக்குப் பின்னால் இரண்டு கண்ணும் போயிற்று. உன்னைப் பிரியமாட்டேன் என்று திருவொற்றியூரில் சங்கிலியாருக்குச் செய்து கொடுத்த சத்தியத்தை மீறி எல்லையைத் தாண்டியதும் பார்வை மறைந்தது. தப்பு தம்முடையது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கேட்காமல் இல்லை. திருவெண்பாக்கத்தில் கண்ணைக் கேட்டார்; ஊன்றுகோல் கிடைத்தது. அந்தக் கோபத்தில் கோலை அவர் வீசியதில் நந்தியின் கொம்பு ஒடிந்தது என்று ஊர்க்கதை. பழைய கோயில் இருந்த இடம் 1940-களில் பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. இடம் மாற்றிக் கட்டிய கோயிலில் கொம்பு ஒடிந்த நந்தியை இப்போதும் பார்க்கலாம். காஞ்சிபுரத்தில் இடக்கண் வந்தது. ஒற்றைக் கண்ணோடு திருவாரூர் வரை நடந்து, அங்கே நின்று ஒரு பதிகம் பாடினார். அடியாரை இப்படித் தவிக்கவிட்டு நீர் மட்டும் நன்றாக இரும் என்று, மனம் நொந்து வீட்டைவிட்டு இறங்குகிறவர் பேசும் தொனி அதில். அந்தப் பாட்டுக்குத்தான் வலக்கண்ணும் வந்தது என்கிறது மரபு. ஏழாம் திருமுறையைத் தொகுத்தவர்கள் அதை விலக்கவில்லை. ஓதுவார்கள் இன்றும் அதைச் சன்னிதிக்கு எதிரே நின்றே பாடுகிறார்கள்.